காட்டுத்தீயும் மாமாவின் கரிமூட்டமும்

சரியாகச் சொன்னவளைத்தான் எங்கள் வீட்டில் காலமெல்லாம் கேலி செய்வார்கள். நான் சொன்னதில் என்ன தப்பு என்று நீங்களே கேட்டுச் சொல்லுங்கள்.

அப்போது நான் காடுகள் பற்றிய ஆராய்ச்சியில் சேர்ந்த புதிது. செயற்கைக்கோள் படங்களை வைத்து மரங்களின் உயரம், அடர்த்தி, எங்கே தீப்பிடித்திருக்கிறது என்றெல்லாம் கணிப்பது வேலை. (காட்டுக்குள் கால் வைத்தது கிடையாது. அது வேறு விஷயம்.) லீவுக்குக் கோவில்பட்டி வந்தவள், அப்பாவிடம் பெருமையடிக்க லேப்டாப்பில் எங்கள் பக்கத்துப் படத்தைத் திறந்தேன்.

புதூர் பக்கம், தாய்மாமா ஊருக்குத் தெற்கே ஒரு சிவப்புப் புள்ளி. கடும் வெப்பம். சுற்றிலும் அடர்ந்த மரங்கள். இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் காட்டுத்தீ என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

மாமாவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன். எடுக்கவில்லை. தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லிவிட்டு, அப்பாவைப் பின்னால் உட்காரவைத்து ஸ்கூட்டரை விரட்டினேன்.

தீயணைப்பு வண்டி முந்திவிட்டது. சீமைக்கருவேல மரங்களுக்கு நடுவே, மண் பூசி மூடியிருந்த மாமாவின் கரிமூட்டத்தின்மேல் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டிருந்தார்கள். விறகு பதமாக வெந்து கரியாகிற நேரம். எல்லாம் கறுப்புக் கூழாக ஓடியது. (கரிமூட்டம் மாதிரி இருக்கே என்று அவர்கள் தயங்கினார்களாம். உள்ளே மாமா மாட்டிக்கொண்டார் என்று நான் போனில் அழுதிருந்ததால் தண்ணீரை அடித்துவிட்டார்கள்.)

மாமா சாப்பிட்டுவிட்டு, துண்டால் வாயைத் துடைத்தபடி வந்தார்.

"ஏட்டி, இவியள யாரு வரச்சொன்னது?"

"நான்தான் மாமா. காடு எரியுதுன்னு..."

"காடா? இங்கன எங்க இருக்கு காடு?"

"செயற்கைக்கோள்ல தெரிஞ்சது."

அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். "அம்புட்டு உசரத்துல இருந்து பாத்துச்சே, கரிமூட்டம்னு தெரியலையாக்கும்?"

"நீங்க போனை எடுத்திருந்தா கேட்டிருப்பேன்ல?"

"சோறு திங்கையில எவனாவது போன் எடுப்பானா?"

அத்தனை பேரும் அவருக்கே தலையாட்டினார்கள், என் அப்பா உட்பட. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெப்பம் இருந்ததா? இருந்தது. மரம் இருந்ததா? இருந்தது. கண்டுபிடித்தவளுக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூடத் தரவில்லை. ஈரக் கரிசலில் புதைந்த தீயணைப்பு வண்டியைத் தள்ளத்தான் கூப்பிட்டார்கள்.

இப்போதும் மூட்டம் போடும்போதெல்லாம் மாமா போன் செய்கிறார். "மருமவளே, தீ வைக்கப்போறேன். மேல சொல்லிரு." பின்னால் அத்தை சிரிப்பது கேட்கும்.

போன கோடையில் எங்கள் ஆராய்ச்சிக் குழுவே மாமா மூட்டம் போட்ட நாட்களை என்னிடம் கேட்டு வாங்கி, அந்தப் புள்ளிகளைக் காட்டுத்தீ வரைபடத்திலிருந்து நீக்கியது. அதை வீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன்.

"அப்போ மாமாவுக்கும் உங்க ஆபீஸ்ல சம்பளம் உண்டாட்டி?" என்றார் அத்தை.

அதையும் சேர்த்துத்தான் இப்போது விசேஷ வீடுகளில் சொல்லிச் சிரிக்கிறார்கள்.