ஆபத்தைப் பார்க்க வந்தவருக்கு ஆராத்தி

எங்கள் ஆட்களிடம் ஒரு காரைக் கொடுத்துவிட்டால், அதைப் பள்ளிக்கூட வாசலை அடைத்து நிறுத்தாதவரை அவர்களுக்குப் பொச்சம் தீராது. பிள்ளை நாலு எட்டு நடந்தால் கால் தேய்ந்துவிடும் என்ற பயம். வகுப்பறைக் கதவு இன்னும் கொஞ்சம் அகலமாக இருந்திருந்தால் மேசை வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய் இறக்கியிருப்பார்கள். இதை எழுதும்போதே எனக்குக் காது சூடேறுகிறது. (அந்தச் சூட்டில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்க வைக்கலாம் என்பது என் மனைவி சுகந்தியின் கணிப்பு.)

நான் சொல்வது மிச்சம் என்ற ஆங்கிலேய ஊரில் நடக்கும் எங்கள் தமிழ்ப் பள்ளியைப் பற்றி. ஓர் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தை வாடகைக்கு எடுத்துச் சனிக்கிழமைகளில் நடத்துகிறோம். அன்றைக்கும் கடையிலும் பெற்றோல் நிலையத்திலும் ஷிப்ட் செய்யும் பெற்றோருடைய பிள்ளைகளை ஏற்றி வருவதற்கு ஒரு மினிபஸ் உண்டு. ராஜன் அண்ணை ஓட்டுவார். அந்த பஸ் நிற்கவேண்டியது வாசலுக்கு நேரே, நடைபாதையை ஒட்டி. ஆனால் அது அங்கே நின்று நான் கண்டதே இல்லை. அங்கே எப்போதும் பெற்றோரின் கார்கள் நிற்கும். பஸ் நடுத்தெருவில் நிற்கும். பிள்ளைகள் நடுத்தெருவில் இறங்கி, கார்களுக்கு இடையில் எலிக்குஞ்சுகளைப்போல நுழைந்து நடைபாதைக்கு வரவேண்டும்.

அந்த வாசலில் வளைந்து வளைந்து போகும் மஞ்சள் கோடு போட்டிருக்கிறது. இங்கே நிறுத்தாதே என்று கொட்டை எழுத்திலும் எழுதியிருக்கிறது. அதன்மேல் ராசா மாதிரி காரை விட்டிருந்த ஒருவரிடம் மரியாதையாகத்தான் கேட்டேன்.

"உந்தக் கோடு திங்கள் தொடக்கம் வெள்ளி மட்டும்தான் தம்பி. சனிக்கிழமை கோட்டுக்கு லீவு."

"கோட்டுக்கு லீவு சரி அண்ணை. தெருவால வாற லொறிக்கு லீவு இல்லையே?"

"அதுக்கென்ன, அஞ்சு நிமிசம்தானே!"

எங்கள் சமூகத்தில் அஞ்சு நிமிசத்தைவிட நீளமான கால அளவு கிடையாது. அதற்குள் ஒரு கலியாணத்தை முடித்துப் பந்தியும் வைத்துவிடலாம்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு நாள் மிதிலா. ஆறு வயது. தாய் சனிக்கிழமைகளில் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவர், அதனால் மிதிலா பஸ்ஸில்தான் வருவாள். அன்று நடுத்தெருவில் இறங்கியவள், எதிர்ப்பக்கத்தில் தன் தோழியைக் கண்டுவிட்டு, கையில் பாதி கடித்த ரோல்ஸோடு பஸ்ஸுக்கு முன்னால் ஓடினாள். பஸ்ஸைத் தாண்டி என்ன வருகிறது என்று அவளுக்குத் தெரியாது. வந்த வான்காரனுக்கும் அவளைத் தெரியாது. பிறேக் கிறீச்சிட்ட சத்தம் எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது. வான் நின்றுவிட்டது. கையை விட்டுப் பறந்த ரோல்ஸ் மட்டும் வானின் சில்லுக்கு அடியில் போனது. மிதிலா ரோல்ஸுக்காக அழுதாள். நான் நடைபாதை விளிம்பில் குந்திவிட்டேன்.

அடுத்த சனி? அதே கார்கள், அதே இடம், அதே அஞ்சு நிமிசம்.

பெற்றோர் கூட்டத்தில் எழும்பிக் கத்தினேன். "ஒரு பிள்ளையின்ர பிரேதம் விழுந்தால்தான் காரைத் தள்ளி விடுவியளோ?" என்று கேட்டேன். மண்டபம் அமைதியாகிவிட்டது. நான் மனச்சாட்சியைத் தொட்டுவிட்டதாக நினைத்தேன். உண்மையில் அவர்கள் வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் சங்கங்களில் ஒரு வழக்கம் உண்டு: குறை சொன்னவன் தலையில் அந்தக் குறையையே கட்டிவிடுவார்கள். (கறியில் உப்பில்லை என்று ஒருமுறை சொன்னவர்தான் இன்றுவரை எங்கள் சமையல் பொறுப்பாளர்.)

"பாலாவைப் போக்குவரத்துப் பாதுகாப்புப் பொறுப்பாளராய்ப் போடுவம்" என்றார் தலைவர் குணம் அண்ணை. கை தட்டினார்கள். அந்தச் சந்தோசத்தோடு வெளியே போய், கோட்டின்மேல் விட்டிருந்த கார்களில் ஏறிப் போனார்கள்.

பதவி கிடைத்தால் நான் சும்மா இருக்கிற ஆள் இல்லை. மஞ்சள் மேற்சட்டை வாங்கினேன். வாராவாரம் வாசலில் நின்று பிரசங்கம் செய்தேன். என்னைக் கண்டதும் பெற்றோர் கண்ணாடியை ஏற்றிவிட்டு, உள்ளே இருந்து அன்பாகக் கையசைத்தார்கள். கடைசியில் எங்கள் பகுதிக் கவுன்சிலரைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனுசி. மிதிலாவின் கதையைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. சனிக்கிழமை பஸ் வரும் நேரத்துக்கு நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னார். நிலைமை மோசம் என்று கண்டால், கார் ஏற முடியாதபடி ஓரத்தில் கம்பங்கள் நட்டு, பஸ்ஸுக்கென்று இடம் ஒதுக்கி, பிள்ளைகள் தெருவைக் கடக்க ஒரு பாதையும் போடவைக்கத் தன்னால் முடிந்ததைச் செய்வாராம்.

"நீங்கள் விசேடமாக எதுவும் செய்யவேண்டாம். எல்லாம் வழக்கம்போல நடக்கட்டும்" என்றும் ஆங்கிலத்தில் தெளிவாகச் சொன்னார்.

அந்த வசனம் எனக்கு ஆங்கிலத்தில் விளங்கியது. தமிழ் மூளை வரை போய்ச் சேரவில்லை.

செய்தியைச் சொன்னதும் குணம் அண்ணை கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "என்ன விளையாட்டோ? கவுன்சிலர் எங்கட பள்ளிக்கு வாறா! மாலை இல்லாமல், நிறைகுடம் இல்லாமல் மனுசியை உள்ள எடுக்கிறதோ?"

"அதானே!" என்றேன் நான். (பொறுப்பாளர் நான்தான். இந்த இடத்தில் என் வாயில் ஒன்று போட்டிருக்கவேண்டும். போட ஆள் இருக்கவில்லை.)

வெள்ளிக்கிழமை பின்னேரம் முழுக்க ரெலிபோனும் கையுமாக இருந்தேன். ஒரு பெற்றோரை விடவில்லை. "நாளைக்கு மட்டும் காரை ரெண்டு தெரு தள்ளி விடுங்கோ. பிள்ளையளைக் கையில பிடிச்சு நடத்திக் கூட்டி வாங்கோ. கவுன்சிலர் வாறா, எங்கட மானம் போயிடும்!"

அப்போது பதின்மூன்று வயதான என் மகள் தீபிகா, போனிலிருந்து தலையை எடுக்காமலே கேட்டாள்: "அப்பா, வெயிட். அவ வாறதே அந்தக் கார்களைப் பார்க்கத்தானே?"

"பெரியாக்கள் கதைக்கேக்க குறுக்க வராதை."

சனிக்கிழமை விடிந்தது. வேட்டி சால்வையோடு போய்ப் பார்த்தால், அந்தத் தெரு எனக்கே அடையாளம் தெரியவில்லை. ஒரு கார் இல்லை. நடைபாதையைக் கூட்டிக் கழுவிக் கோலம் போட்டிருந்தார்கள். குத்துவிளக்கு, நிறைகுடம், ஆராத்தித் தட்டு. பிள்ளைகள் இரண்டு வரிசையில், ஆளுக்கு ஆள் கை கோர்த்து, மூச்சு விடாமல். நான் ஒரு வருடமாகத் தொண்டை கிழியக் கேட்டது அத்தனையையும் எங்கள் சனம் ஒரே காலையில் செய்து முடித்திருந்தது. விருந்தாளி வருகிறார் என்பதற்காக!

ராஜன் அண்ணை பஸ்ஸைத் திருப்பியவர், வெறுமையாகக் கிடந்த ஓரத்தைக் கண்டு திகைத்துக் கண்ணாடியை இறக்கினார். "தம்பி, உது எங்கட பள்ளிதானே? நான் தெரு மாறி வந்திட்டனோ?"

பஸ் முதல்முறையாக நடைபாதையை ஒட்டி, பால் கிண்ணத்தை வைப்பதுபோல, மெதுவாக நின்றது. பிள்ளைகள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். மிதிலாவும் இறங்கி வந்து, பஸ் வரும் நேரத்துக்கே வந்து நின்ற கவுன்சிலருக்கு மாலை போட்டாள். சுகந்தி ஆராத்தி எடுத்தாள். கவுன்சிலரின் கண் கலங்கிவிட்டது.

"அற்புதம்!" என்றார். "இவ்வளவு ஒழுங்கான பள்ளி வாசலை நான் பார்த்ததே இல்லை. மற்றப் பள்ளிகள் உங்களிடம் வந்து படிக்கவேண்டும்."

தீபிகா கேட்ட கேள்வி எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"இல்லை மேடம், இது வழக்கமில்லை. வழக்கமாகப் பெரிய ஆபத்து!"

"எங்கே?" என்றார் அன்பாக.

நானும் பார்த்தேன். நடுத்தெருவில் ஒரு புறா, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கும் ஓய்வுபெற்ற அதிபரைப்போல, நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. அதுகூட எனக்காக ஓடவில்லை.

"வேறு தெருக்களுக்குத்தான் முதலில் உதவி தேவை என்று நினைக்கிறேன்" என்று அவர் கைப்பையை மூடினார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. கம்பமும் போயிற்று, பாதையும் போயிற்று. வாற சனிக்கிழமை அதே கார்கள் வந்து நிற்கும், மிதிலா திரும்பவும் நடுத்தெருவில் இறங்குவாள், அந்த வான்காரனின் பிறேக் ஒவ்வொரு முறையும் பிடிக்கும் என்று யார் உத்தரவாதம் தருவது?

"கொஞ்சம் நில்லுங்கள் மேடம்!" என்று கத்திவிட்டு, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். இரண்டு தெரு தள்ளி, என் சொல்லுக்கு நானே கட்டுப்பட்டு விட்டிருந்த என் காரை எடுத்தேன். வந்த வேகத்தில், வாசலை ஒட்டித் தெரு திரும்பும் முடக்கில் இருக்கும் இரட்டை மஞ்சள் கோட்டின்மேல், பஸ்ஸின் மூக்குக்கு முன்னால், குறுக்காக நிறுத்தினேன். (இரட்டைக் கோட்டுக்கு வருடம் முழுக்க லீவு கிடையாது. பொறுப்பாளருக்கு அது தெரியும்.) இறங்கிக் கதவை அடித்துச் சாத்தினேன்.

"பாருங்கள்! இப்படித்தான்! ஒவ்வொரு சனியும் இப்படித்தான்!"

பஸ்ஸால் அசைய முடியவில்லை. ராஜன் அண்ணை ஹோர்ன் அடித்தார். முடக்கால் வந்த ஒரு லொறியும் ஹோர்ன் அடித்தது. ஆசிரியைகள் பிள்ளைகளை அவசரமாக வாசலுக்குள் இழுத்தார்கள். தத்ரூபமான காட்சி. இன்னும் நன்றாகக் காட்டலாம் என்று கவுன்சிலரை நோக்கி நடந்தால், என்னால் ஓர் அடிக்குமேல் நகர முடியவில்லை. வேட்டித் தலைப்பு கார்க் கதவுக்குள் அகப்பட்டிருந்தது. ஆகவே, பின்னால் வந்து நின்ற பார்க்கிங் வார்டனிடம் 'இது என்னுடைய கார் இல்லை' என்று சொல்லும் வாய்ப்பும் எனக்குக் கிடைக்கவில்லை.

என் புகாருக்கு மதிப்புக் கொடுத்து அந்த வார்டனைக் கவுன்சிலரே வரச்சொல்லியிருந்தாராம். பெயர்ப்பட்டியைப் பார்த்ததும் எனக்குப் போன உயிர் வந்தது.

"தம்பி, நீங்கள் தமிழோ?"

"ஆமா சார். மதுரைப் பக்கம்."

"அப்ப விடுங்கோ தம்பி. நான் ஆபத்தைச் செய்து காட்டுறன்."

"தெரியுது சார், நல்லாவே காட்டுறீங்க" என்றபடி படம் எடுத்தார். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார், நம்பர் பிளேட் மறைக்குது."

"தள்ள ஏலாது தம்பி. வேட்டி மாட்டுப்பட்டுப் போச்சு. தமிழனுக்குத் தமிழன் இப்பிடிச் செய்யலாமோ?"

"தமிழா இருந்தா கோடு அழிஞ்சிடுமா சார்?"

அபராதச் சீட்டைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் போய்விட்டார். கவுன்சிலர் குணம் அண்ணையின் கையைப் பிடித்து, என்னைக் கண்ணால் காட்டி, "இங்கே நான் கண்ட ஒரே ஆபத்து அவர்தான். கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு, மாலையோடு புறப்பட்டார்.

அந்தக் கிழமை முழுவதும் நான் யாருடைய போனையும் எடுக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை தீபிகாவைக் கூட்டிக்கொண்டு தலையைத் தொங்கப்போட்டபடி போனேன். வாசலில் ஒரு கார் இல்லை. விருந்தாளி யாரும் வரவுமில்லை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்போது பெற்றோர் இருவர் எனக்குப் பின்னால் கதைத்துக்கொண்டு வந்தது காதில் விழுந்தது.

"கவுன்சிலரைக் கூட்டிக்கொண்டு வந்தவனுக்கே சீட்டு ஒட்டிப்போட்டாங்கள். பிறகு எங்களை விடுவாங்களே?"

"கமராவும் பூட்டியிருக்காம். எந்த மரத்தில எண்டுதான் தெரியேல்லை."

ராஜன் அண்ணை பஸ்ஸை ஓரத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். மிதிலா கொட்டாவி விட்டுக்கொண்டே படியிலிருந்து நேரே நடைபாதையில் காலை வைத்து, யாரையும் பார்க்காமல் உள்ளே போனாள். அவ்வளவுதான். அந்த ஓர் எட்டுக்காகத்தான் இவ்வளவு கூத்தும்.

சந்தோசப்பட வேண்டியவன்தான். எனக்கு வந்ததோ ஆத்திரம். ஒரு பிள்ளை வானுக்கு முன்னால் ஓடியபோது அசையாத கார்கள் இவை. பிள்ளையின் உயிருக்கு நகராதவர்கள் ஒரு துண்டுச் சீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிப் போகிறார்கள்! ஒழுங்காக இருந்த ஒரேயொரு காலையைப் பார்த்துவிட்டு ஒரு தெருவுக்கே நற்சான்று கொடுத்த கவுன்சிலர் மேலும் எனக்குக் கோபம். கோலம் போட ஆள் பிடித்த என்மேல் இருக்கும் கோபத்தை எழுதினால் இந்தப் பக்கம் போதாது.

கம்பம் இன்றுவரை வரவில்லை. ஆனால் அந்த ஓரத்துக்கு ஒரு பெயர் வந்துவிட்டது. "பாலா அண்ணையின்ர இடத்தில காரை விடாதேங்கோ" என்றுதான் சொல்வார்கள். தீபிகா இப்போது பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டாள். நான் மட்டும் மஞ்சள் மேற்சட்டையோடு வாசலில் நிற்கிறேன், சனம் மறந்துவிடக்கூடாதே. போன மாதம் அங்கே காரை ஒதுக்கப் பார்த்த ஒருவரை, புதிதாகப் பிள்ளையைச் சேர்த்த ஓர் அம்மா எனக்கு முன்னாலேயே மறித்தார்.

"ஐயோ, அதில நிப்பாட்டாதேங்கோ! பாலா அண்ணை எண்டு ஒருத்தர் அந்த இடத்திலதான் அடிபட்டுப் போனவராம். பள்ளிக்கு நிறையச் செய்த மனுசனாம்."

கார்க்காரர் பயந்துபோய்க் காரை எடுத்துவிட்டார். அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு அவரைத் தெரியுமோ அண்ணை?"

நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். வெறுமையாகக் கிடந்த ஓரத்தைப் பார்த்தேன். முடக்கால் ராஜன் அண்ணையின் பஸ் திரும்பிக்கொண்டிருந்தது.

"ஓம் பிள்ளை," என்றேன். "பாவம், தங்கமான மனுசன்."

வீட்டில் வந்து இதைச் சொல்லியிருக்கக்கூடாது. அன்றிலிருந்து சுகந்தி மாடிப்படிக்குக் கீழே நின்று கூப்பிடுவது இப்படித்தான்:

"அமரர் பாலா! தேத்தண்ணி ஆறுது, இறங்கி வாங்கோ!"