நாமக்கட்டி இல்லாமல் போட்ட நாமம்

என் வாழ்நாளில் எனக்கு வேறு யாரும் நாமம் போட்டதில்லை. அந்தக் கைங்கரியத்தை நானே எனக்குச் செய்துகொண்டேன். அதுவும் நாமக்கட்டி இல்லாமல்.

யுத்தகாலம். கொடைக்கானலில் ஒரு விடுதிப் பள்ளியில் நான் தற்காலிக ரசாயன வாத்தியார். சீமையிலிருந்து தண்ணீர் ஃபில்டர் வருவது நின்றுபோய், விடுதிப் பிள்ளைகளுக்கு ஓயாத வயிற்றுப்போக்கு. "களிமண்ணில் நானே செய்து தருகிறேன் சார்" என்று தலைமையாசிரியரிடம் வாயைக் கொடுத்தேன் (யாரும் கேட்கவில்லை). "செய்யுங்கள், ஜூனில் பர்மனென்ட் ஆக்குகிறேன்" என்றார். இல்லையென்றால் பழநியில் மாமா கடையில் பஞ்சாமிர்தத்துக்கு வாழைப்பழம் உரிக்க வேண்டியதுதான்.

சங்கதி சுலபம். வெள்ளைக் களிமண்ணோடு சலித்த மரத்தூளைப் பிசைந்து பானையாக்கிச் சுட வேண்டும். தூள் எரிந்துபோய், அது இருந்த இடமெல்லாம் பொடித் துளைகளாகிவிடும். தண்ணீர் கசிந்து வெளியே வரும், அழுக்கு உள்ளே நின்றுவிடும். வெள்ளைக் களிமண் என்றால் நாமக்கட்டி. பஜாரில் காதர் பாய் கடைக்குப் போனேன்.

"முருகன் மலையில யாரு வாத்தியாரே நாமம் போடுறா? இங்க கெடக்கிறது சீமைச் சுண்ணாம்புதான். நாலு நாள் பொறுங்க, மதுரையிலருந்து நாமக்கட்டி வரவழைச்சுத் தாரேன்."

"ரெண்டும் வெள்ளைதானே பாய்? குடுங்க."

"அது வேற, இது வேறங்க" என்று இரண்டு தடவை சொன்னார். நான் கெமிஸ்ட்ரி படித்தவன், கேட்பேனா? (பட்டை பட்டையாகத் திருநீறு பூசும் குடும்பம். நாமக்கட்டியை அதுவரை நான் கையால் தொட்டதுகூடக் கிடையாது.)

ஒட்டுவதற்குக் கொஞ்சம் ஏரிக் களிமண் சேர்த்துப் பிசைந்தேன். பண்ணைக்காட்டுச் செங்கல் சூளையில் சுட்டு, கரியில் ஓடும் பஸ்ஸில் பானையை மடியில் வைத்துக்கொண்டு மலையேறினேன். வழி நெடுக, பர்மனென்ட் ஆனதும் போடப்போகும் கோட்டுக்குத் துணி தேர்ந்தெடுத்தேன்.

விடுதிச் சாப்பாட்டறையில் பரீட்சை. அரிசி மூட்டை இறக்க வந்த பாயும் நின்று பார்த்தார். ஒரு ஜாடித் தண்ணீரை ஊற்றினேன். பானை முதலில் முணுமுணுத்தது. பிறகு சீறியது. ஆவி கிளம்பியது. படாரென்று பிளந்து, கொதிக்கிற வெள்ளைக் கஞ்சி தலைமையாசிரியரின் பூட்ஸ்மேல் வழிந்தது.

"மிஸ்டர், நான் கேட்டது ஃபில்டர். வெந்நீர் அடுப்பு கேட்கலையே" என்றார்.

அப்போதுதான் உறைத்தது. சீமைச் சுண்ணாம்பைச் சுட்டால் நீற்றாத சுண்ணாம்பு. தண்ணீர் பட்டால் கொதிக்கும். இதைப் போன வாரம்தான் வகுப்பில் நடத்தியிருந்தேன். ஒப்பிக்காத பையனைப் பெஞ்சுமேல் ஏற்றியும் இருந்தேன். மரத்தூள் விட்டுப்போன துளைகள் தண்ணீரை மூலைமுடுக்கெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தன. அந்த மட்டில் என் பானை நன்றாகவே வேலை செய்தது.

மூட்டையைக் கட்டலாம் என்று நினைத்தபோது பாய் முன்னால் வந்தார்.

"தப்பு எம்மேலதாங்க சார். அவரு நாமக்கட்டிதான் கேட்டாரு. நான் வெரசா கட்டிக் குடுத்ததுல மாறிப்போச்சு."

நான் வாயைத் திறந்தேன். பாய் என் காலை மிதித்தார். விடுதிக்குச் சாமான் போடுவதே அந்தத் தலைமையாசிரியர் தயவில்தான். என் வேலைக்காகத் தன் பிழைப்பைப் பணயம் வைத்த மனுஷனை அன்றைக்குத்தான் நான் சரியாகப் பார்த்தேன்.

நாலாம் நாள் நாமக்கட்டி வந்தது. அடுத்த பானை கசிந்தது. ஜூனில் வேலை நிரந்தரமானது. அன்றைக்கே தலைமையாசிரியரிடம் போய் உண்மையைச் சொன்னேன். "தெரியும். பாய் கடையில் இதுவரை உப்பு சர்க்கரையாக மாறினதில்லை" என்று சொல்லிவிட்டு, கட்டுரை நோட்டைத் திருத்தப் போய்விட்டார்.

என் கல்யாணத்துக்குப் பாய் ஒரு பெட்டி கொண்டுவந்தார். திறந்தால் ஒரே ஒரு நாமக்கட்டி. இன்றும் எங்கள் பூஜை அலமாரியில் திருநீற்றுச் சம்புடத்துக்குப் பக்கத்தில் அது இருக்கிறது. குளிக்க வெந்நீர் ஆறிப்போனால் பிள்ளைகள், "அப்பாவை ஒரு பானை செய்யச் சொல்லும்மா" என்பார்கள். புதிதாக வரும் உறவுக்காரர்கள் அலமாரியைப் பார்த்துவிட்டு, "நீங்க எப்ப வைஷ்ணவர் ஆனீங்க?" என்று கேட்பார்கள்.

"அது பெருமாள் கோயில் நாமக்கட்டி இல்லைங்க" என்பாள் என் மனைவி. "பாய் குடுத்த பிரசாதம்."