வாக்கியம் வந்துவிட்டது, வேன் வேண்டாம்

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் மாப்பிள்ளை வணக்கத்துடன் எழுதுவது. இங்கே மூவரும் நலம். அங்கே உங்கள் முழங்கால் வலியும் அத்தையின் ரத்த அழுத்தமும் இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் கூப்பிட்டால் நீங்கள் "சொல்லுங்க மாப்ளே" என்றுவிட்டு, நான் சொல்வதற்குள் "பொண்ணுகிட்ட குடுங்க" என்கிறீர்கள். கடிதத்தில் அந்த வசதி இல்லை.

விஷயம் இதுதான். உங்கள் பேத்தி மூன்றரை வயதாகியும் ஒற்றை வார்த்தைக்கு மேல் பேசவில்லை. மூன்று வார்த்தை சேர்த்துச் சொன்னால்தான் சேர்த்துக்கொள்வோம் என்று இங்குள்ள பள்ளியில் சொல்லிவிட்டார்கள். அதனால் வருகிற ஞாயிறு நீங்கள் வேன் எடுத்து வந்து, தாயையும் பிள்ளையையும் கூட்டிப்போய், உங்கள் தெருவில் இருக்கிற பேச்சுப் பயிற்சிப் பள்ளியில் ஒரு வருஷம் விடுவதாக ஏற்பாடு. அந்த ஒரு வருஷமும் நான் இங்கே தனியாக இருப்பதாகவும் ஏற்பாடு. வேன் வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதமே இங்கே ஒரு பயிற்சியாளர் அம்மாவைப் பிடித்து வீட்டுக்கு வரச் சொன்னேன். பொம்மை, படம், ஏதாவது கருவி கொண்டு வருவார் என்று பார்த்தால், ஒரு நோட்டோடு வந்து மூலையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு, "பிள்ளைக்கு ஒரு குறையும் இல்ல சார். காதுல விழுறதைத்தான் பேசுது. வந்ததுலேர்ந்து பாக்குறேன், இந்த வீட்ல ஒருத்தராவது முழுசா ஒரு வாக்கியம் பேசினீங்களா?" என்றார். நோட்டைக் காட்டினார். உங்கள் மகள்: சாப்பாடு. நான்: ம். உங்கள் மகள்: சாவி? நான்: பை. உங்கள் மகள்: எப்போ? நான்: எட்டு. ஒரு மணி நேரக் குடித்தனம் அரைப் பக்கம்கூட வரவில்லை. எனக்கு அதில் தப்பு தெரியவில்லை. குழாய்க் கடையில் வளைவு வாங்க வருகிறவர் "முக்கால் எல்போ, பத்து" என்றால் வியாபாரம் முடிந்தது. அப்படிப் பேசித்தான் மாமா, தள்ளுவண்டியில் ஆரம்பித்தவன் மூன்று ஷட்டர் கடையும் அதற்கு மேல் வீடும் கட்டினேன்.

அந்த அம்மா சொன்ன வைத்தியம் பிள்ளைக்கு இல்லை, எங்களுக்கு. பிள்ளை "பால்" என்றால் நாம் "சூடான பால்" என்று ஒரு வார்த்தை கூட்டிச் சொல்ல வேண்டும். இது என்ன, அது என்ன என்று பரீட்சை வைக்கக் கூடாது. கேள்வி கேட்டால் மனதுக்குள் பத்து எண்ணும்வரை முகத்தைப் பார்த்துச் சிரித்தபடி காத்திருக்க வேண்டும். முக்கியமாக, நாங்கள் இருவரும் முழு வாக்கியமாகப் பேசிக்கொள்ள வேண்டும். அன்றைக்கே, அந்த அம்மா முன்னாலேயே ஆரம்பித்தேன். "நான் இப்போது சாப்பிட உட்காருகிறேன். இந்தச் சாப்பாடு ஆறியிருக்கிறது" என்றேன். உங்கள் மகள், "ஆமா, ஆறித்தான் இருக்கு. நான் நாலு தடவை கூப்பிட்டேன், நீங்க போன்ல வால்வு வித்துக்கிட்டு இருந்தீங்க. நேத்தும் ஆறிப்போச்சு. கல்யாணமான மறுநாளும் ஆறிப்போச்சு, நான் சொல்லல" என்றாள். எட்டு வருஷமாகக் குடோனில் கிடந்த சரக்கு மொத்தமாக இறங்கியது. பயிற்சியாளர் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "பாருங்க சார், அம்மா எவ்வளவு அழகா காரணத்தோட பேசறாங்க!" காரணம் இன்றுவரை தீரவில்லை.

அடுத்தது கடை. வீட்டில் பழகிய வாய் கீழே இறங்கினால் மாறுமா? ஒரு பிளம்பர் வந்து "முக்கால் எல்போ" என்றார். "உங்களுக்கு முக்கால் இஞ்ச் எல்போ வேண்டும். எத்தனை எல்போ வேண்டும்?" என்று கேட்டுவிட்டு, அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பத்து எண்ணினேன். ஆறாவது எண்ணுக்குள் ஆள் தெருவைத் தாண்டி எதிர்க்கடைக்குப் போய்விட்டார். சாயங்காலம் எதிர்க்கடைக்காரர் பழத்தோடு வந்து, "எதையும் மனசுல போட்டுக்காதீங்க அண்ணே, நல்ல டாக்டரா பாப்போம்" என்றார். பதினாறு வருஷத்தில் அவர் என் கடைக்குள் காலை வைத்தது அன்றுதான். சரக்கையும் ஒரு நோட்டம் விட்டுக்கொண்டார்.

பிறகு பிஸ்கட். வாய் திறந்து கேட்கட்டும் என்று டப்பாவை உயரத்தில் வைத்தோம். உங்கள் பேத்தி கேட்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டாள், எட்டவில்லை. அதன்மேல் பெயின்ட் டப்பாவை வைத்தாள், எட்டியது. வேலையைப் பேச்சில்லாமல் முடிப்பது என் பக்கத்து ரத்தம், ஒப்புக்கொள்கிறேன். டப்பா மூடி திறந்து பெயின்ட் கூடம் முழுக்க ஓடியபோதும் "நீலம்" என்று மட்டும்தான் சொன்னாள். நான் முறைப்படி "நிறைய நீலம்" என்றேன். உங்கள் மகள் கூட்டிச் சொன்னதை எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன்.

ஆனால் பலன் கிடைத்தது மாமா. மூன்றாவது வாரம் "அப்பா போ" என்றாள். நாலாவது வாரம் "அப்பா கீழ போ." எண்ணிப் பாருங்கள், மூன்று வார்த்தை! பிள்ளை வாக்கியமாகக் கேட்டால் உடனே செய்து காட்ட வேண்டும் என்பதால், ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை படியிறங்கினேன். நேற்று பள்ளிக்குக் கூட்டிப்போனோம். தலைமையாசிரியை மாடியில்தான் உட்காருகிறார். "பாப்பா ஏதாவது பேசு" என்றார். உங்கள் பேத்தி அவரை நன்றாகப் பார்த்துவிட்டு, "டீச்சர் கீழ போ" என்றாள். இடம் கிடைத்துவிட்டது. ஆகவே பயிற்சிப் பள்ளியும் வேண்டாம், வேனும் வேண்டாம், குடும்பத்தை இரண்டாகப் பிரிக்கவும் வேண்டாம்.

அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். உங்கள் ஆசி எங்கள் மூவருக்கும் எப்போதும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அதை நேரில் கொண்டுவர வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள மாப்பிள்ளை

பின்குறிப்பு: தபாலில் போடும் முன் இதை உங்கள் மகளிடம் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "நல்லா எழுதியிருக்கீங்க. நான் போறேனா இல்லையான்னு என்கிட்டதான் யாரும் கேக்கல, அப்பாவும் கேக்கல, நீங்களும் கேக்கல" என்றாள். கேட்டேன். பத்து எண்ணுவதற்குள் உங்கள் பேத்தி பதில் சொல்லிவிட்டாள்: "நானும் அம்மாவும் தாத்தா வீட்டுக்குப் போறோம். அப்பா வர மாட்டாரு. அப்பாவுக்குக் கடை இருக்கு." பதினோரு வார்த்தை, காரணத்தோடு. உங்கள் மகள் மறுக்கவில்லை. எனவே மேலே எழுதியதை அடித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை வேனோடு வாருங்கள். ஒரு வருஷத்துக்கு இல்லை, பத்து நாளைக்கு. பிள்ளை சொன்ன மூன்று வாக்கியத்தில் நடுவில் உள்ளது மட்டும் தப்பு. வேனில் எனக்கும் ஓர் இடம் வையுங்கள்.