மஞ்சள் கோட்டில் ஒரு தாம்பாளம்

உலகமே புரண்டாலும் இனி மச்சான் ஜனார்த்தனனோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று ஏழுமலை முடிவெடுத்தார். தனக்கு வந்த அவமானம் என்றால் பொறுத்திருப்பார். இது அவருடைய ஆட்டோவுக்கு வந்த அவமானம்.

ஜனார்த்தனன் அவர் மனைவி புஷ்பவதியின் அண்ணன். கஹவத்தை டவுனில் தேத்தண்ணிக் கடை வைத்திருப்பவர். ஒருநாள் கடை வாசலில் ஏழுமலையின் ஆட்டோவில் ஏறப்போன ஒரு அம்மா, இது மலை உச்சியில் இருக்கிற தோட்டத்து மேல் டிவிசன் வரைக்கும் ஏறுமா என்று கேட்டார். தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்த ஜனார்த்தனன், "ஏறும். ஆனா நீங்க எறங்கித் தள்ளணும்" என்றார். பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர்கள் எல்லாம் சிரித்தார்கள். அந்த அம்மா வேறு ஆட்டோவில் போய்விட்டார். ஜனார்த்தனன் சொன்னது உண்மைதான். பொய்யாக இருந்திருந்தால் ஏழுமலைக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

இந்த நேரத்தில்தான் அந்தக் கடைக்கு நேராகப் பாதசாரிக் கடவை போட்டார்கள். வெள்ளைச் சாயம்தான் அடித்தார்கள். ஆனாலும் பழைய பழக்கத்தில் ஊரில் அதற்குப் பேர் மஞ்சள் கோடு. கடவைக்குக் கிட்ட வாகனம் நிறுத்தக் கூடாது என்று டிராபிக் பொலிஸ்காரர் ஆட்டோக்காரர்களைக் கூப்பிட்டுச் சொன்னார். மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். ஏழுமலைக்கோ அந்தச் சட்டம் சாமி கொடுத்த வரம் மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு அண்ணன் கடையில் ஒரு நிமிசம் நிறுத்தச் சொல்லி புஷ்பவதி கேட்டபோதெல்லாம் அவர் ஒரே பதிலைத்தான் சொன்னார்.

"கோட்டுக்குப் பக்கத்துல நிப்பாட்டுனா கோர்ட்டுக்குப் போகணும், புஷ்பம்."

அவள் தனியாக பஸ்ஸில் போய் அண்ணனைப் பார்த்து வந்தாள். அதை அவர் தடுக்கவில்லை. அவள் திரும்பி வரும்போது சேலையில் ஒட்டியிருந்த இஞ்சித் தேத்தண்ணி வாசத்தை மட்டும் ஓசைப்படாமல் மோந்து பார்த்துக்கொண்டார். வேறு கடைகளின் வெந்நீரைக் குடித்துக் குடித்து அவர் நாக்கு செத்துப்போயிருந்தது.

அப்படியிருக்கும்போது ஜனார்த்தனனின் மகள் மதுஷாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பத்திரிகை வைக்க ஜனார்த்தனன் இரண்டு தடவை ஏழுமலையின் லயத்து வீட்டுக்கு ஏறி வந்தார். அவர் குரல் வாசலில் கேட்டதுமே, ஏழுமலைக்குப் பின்வாசல் வழியாக அவசர ஹயர் சவாரி வந்துவிட்டது.

இரண்டாவது தடவை புஷ்பவதி அழுதாள். "அத்தைக்காரிங்க நான். நீங்க இல்லாம நான் மட்டும் எப்படிங்க மணவறைப் பக்கத்துல போயி நிப்பேன்?"

ஏழுமலைக்கு என்னவோ செய்தது. ஆனால் எடுத்த முடிவிலிருந்து இறங்கி வர அவருக்கு வழி தெரியவில்லை. அந்த ஆட்டோவைப் போலத்தான் அவரும். ரிவர்ஸ் கியர் சரியாக விழாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குக் கிளம்பும்போது புஷ்பவதி பட்டுச் சேலை கட்டியிருந்தாள். கேட்டதற்குக் கோயிலுக்கும் போகணும் என்றாள். வழியில், தெரியாதவள் மாதிரி சட்டம் விசாரித்தாள்.

"ஏங்க, கோட்டுல யாராவது கால வச்சா என்ன செய்யணும்?"

"நிப்பாட்டணும். கட்டாயம்."

"அவங்க போய் முடியிற வரைக்குமா?"

"முடியிற வரைக்கும். ஒரு அடி நகரக் கூடாது." சொல்லும்போது ஏழுமலைக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. பெண்டாட்டி தன்னிடம் சட்டம் கேட்பது அவருக்குப் பிடித்திருந்தது.

டவுனுக்குள் நுழைந்து கடவைக்கு வந்தபோது கடைப் பக்கத்திலிருந்து இரண்டு பேர் கோட்டில் கால் வைத்தார்கள். ஏழுமலை சட்டப்படி பிரேக் போட்டார். பிறகுதான் முகங்களைப் பார்த்தார். ஜனார்த்தனனும் அவர் மனைவி சுஜீதாவும். ஜனார்த்தனன் கையில் தாம்பாளம். அதில் தேங்காய், பழம், வெற்றிலை, மேலே மஞ்சள் தடவிய பத்திரிகை. இரண்டு பேரும் நடுக் கோட்டுக்கு வந்து, ஆட்டோவுக்கு முன்னால் நின்றுவிட்டார்கள்.

பின்னால் எம்பிலிபிட்டிய பஸ் ஹோர்ன் அடித்தது. ரிவர்ஸ் எடுக்கவும் வழியில்லை. புஷ்பவதி எப்போது இறங்கினாள் என்று தெரியவில்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டு அவர் பக்கத்தில் நின்றாள்.

டிராபிக் பொலிஸ்காரர் வந்தார். இவர்கள் கடக்கிற ஆட்கள் இல்லை, நிற்கிற ஆட்கள் என்று ஏழுமலை சிங்களத்தில் முறையிட்டார். கை நிறைந்திருக்கிறது, இதை வாங்க வேண்டிய ஆள் வாங்கினால் நடந்துவிடுவோம் என்று ஜனார்த்தனனும் சிங்களத்தில் பணிவாகச் சொன்னார். பொலிஸ்காரர் தாம்பாளத்தைப் பார்த்தார், பஸ்ஸைப் பார்த்தார்.

"கோட்டுல ஆள் நிக்கிற வரைக்கும் ஒன்னைய நான் விட முடியாது. வாங்கிக்க மல்லி" என்று அவரும் சிங்களத்தில் தம்பி முறை வைத்துச் சொன்னார்.

பஸ் ஜன்னல்களில் தலைகள் நிறைந்திருந்தன. கல்யாணம் என்றைக்கு என்று ஒரு கிழவர் மேலிருந்து விசாரித்தார். ஏழுமலை இறங்கினார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டார்.

ஜனார்த்தனன் குரலைத் தாழ்த்தினார். "நாலு பேர் முன்னால நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, மாப்ள. அதனாலதான் நாலு பேர் முன்னாலயே கேக்குறேன். நீங்க வந்து நின்னாத்தான் எம்புள்ளைக்குக் கல்யாணம்."

ஏழுமலை இரண்டு கையாலும் தாம்பாளத்தை வாங்கினார். பஸ்ஸில் யாரோ கை தட்டினார்கள்.

வாங்கிய கையோடு, இங்கே நிறுத்தக் கூடாது, வண்டியை எடு என்று பொலிஸ்காரர் விரட்டினார். ஏழுமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, அவ்வளவு தூரமும் நடந்து வந்து மச்சான் கடையில் உட்கார்ந்தார். ஜனார்த்தனனே தேத்தண்ணி ஆற்றிக் கொண்டுவந்து வைத்தார். இரண்டாவது கிளாஸ் உள்ளே போனதும் ஏழுமலைக்குப் பழைய கம்பீரம் திரும்பியது.

"சும்மா சொல்லக் கூடாது, புஷ்பம். அந்தப் பொலிஸ் ஐயா மட்டும் சரியான நேரத்துக்கு வரலன்னா நான் கடைசி வரைக்கும் வாங்கியிருக்க மாட்டேன்."

புஷ்பவதி வடையைப் பிட்டு அவர் பக்கம் தள்ளினாள்.

"வராம இருப்பாரா? நேத்தே அவருக்குத்தாங்க மொத பத்திரிகை வச்சோம்."