எல் நினோ குடித்த பத்து வாளி

இனிமேல் எங்கள் வீட்டில் யாரும் வெளியே சாப்பிடக் கூடாது. அநாவசியமாக எங்கும் பயணம் போகவும் கூடாது.

1998ஆம் ஆண்டு, ஒரு வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி நாற்பது நிமிடத்துக்கு இந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தேன். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் மூன்றாவது மாடி. வீட்டில் இருப்பதே இரண்டு பேர். ஆதரவு ஒன்று, எதிர்ப்பு ஒன்று. குடும்பத் தலைவர் என்ற முறையில் எனக்கு இன்னொரு ஓட்டு உண்டென்று சொல்லி நிறைவேற்றிவிட்டேன்.

எதிர்ப்பு ஓட்டு என் மனைவி புஷ்பவல்லி. அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"பேப்பர்ல இன்னிக்கு என்ன போட்டிருக்கு?"

"ரிங்கிட் மதிப்பு விழுந்துருச்சு. அரசாங்கமே சிக்கனமா இருக்கச் சொல்லுது. தண்ணியும் பங்கீடு. எல்லாம் இந்த எல் நினோவால."

"அது யாரு?"

"ஆளு இல்ல. பசிபிக் கடல்ல ஒரு சூடு. அதனால மழை இல்ல. நம்ம ஊர் தண்ணிய எல்லாம் அது உறிஞ்சிருது."

"பசிபிக் கடல் சூடானா நாம கிள்ளான்ல போய்ச் சாப்பிடக் கூடாதா?"

"கூடாது."

வாசகர்களிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் எனக்குக் கூச்சமில்லை. மற்ற எல்லாரிடமும் உண்டு. சாப்பாட்டுக் கடையில் பரிமாறுகிறவரைக் கூப்பிட எனக்கு வராது. "அண்ணே" என்று வாயைத் திறப்பேன். அவர் திரும்பினால் எனக்கு இருமல் வந்துவிடும். அதைவிட மோசம், "போதும்" என்று சொல்லவும் வராது. அதற்கும் இருமல்தான். வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளில் இலையை மடிக்கிற வரைக்கும் போட்டுக்கொண்டே இருப்பார்கள். இருமுகிற ஆளுக்கு விக்கல் என்று நினைத்து இன்னொரு கரண்டி ரசம் ஊற்றுவார்கள். ஒரு நாள் ஆறு கரண்டி ரசம் குடித்தேன். ஏழாவது கரண்டிக்குள் எழுந்து கைகழுவப் போய்விட்டேன். அப்பளம் இலையிலேயே கிடந்தது. அந்த அப்பளம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

இந்தக் கூச்சத்தை மனைவியிடம் ஒரு காரணமாகச் சொல்ல முடியாது. நாட்டு நடப்பைச் சொல்லலாம். எனக்கு எப்போதும் நாட்டு நடப்புதான் கைகொடுத்து வந்தது. 1991இல் பினாங்குப் பயணத்தை வளைகுடாப் போர் நிறுத்திக் கொடுத்தது. "குவைத்துல போட்ட குண்டு பினாங்குல வந்தா விழும்?" என்று புஷ்பவல்லி கேட்டாள். எண்ணெய்க் கப்பல், விலைவாசி என்று பத்து நிமிடம் விளக்கினேன். போன வருடம் கேமரன் மலையைப் புகைமூட்டம் காப்பாற்றியது. "மேல போனா மலையே கண்ணுக்குத் தெரியாது" என்றேன். "உங்களுக்கு வெயில்லயே எதிர்ல வர்ற பஸ் தெரியாது" என்றாள். ஆனாலும் போகவில்லை.

இப்போது கிள்ளான். புஷ்பவல்லியின் அக்கா சீதாலெட்சுமியும் அவர் கணவர் ராதாகிருஷ்ணன் அண்ணனும் அங்கே இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாழையிலைக் கடையில் சேர்ந்து சாப்பிடலாம் என்று போன் செய்திருந்தார்கள்.

"ஒரே ஒரு ஞாயித்துக்கிழமைங்க" என்றாள் புஷ்பவல்லி. "நீங்க ரிட்டையர் ஆயிட்டீங்க. நாற்காலியில உக்காந்துட்டீங்க. எனக்கு எப்ப ரிட்டையர்? முப்பத்தொரு வருசமா ஞாயிறானா அடுப்புக்குப் பக்கத்துல நிக்கிறேன். ரயில்வேல ஞாயித்துக்கிழமை வேலைக்கு ஓவர்டைம் உண்டுல்ல? எனக்கு என்ன உண்டு?"

நியாயமான கேள்வி. நியாயமான கேள்வி வந்தால் நான் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்வேன்.

"தீர்மானம் தீர்மானந்தான்" என்றேன், பேப்பருக்குப் பின்னாலிருந்து.

"சரிங்க."

பேப்பரை இறக்கிவிட்டேன். முப்பத்தொரு வருடத்தில் அவள் இவ்வளவு சீக்கிரம் "சரிங்க" சொன்னது இதுதான் முதல் தடவை. அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

"வெளிய போகாட்டி என்ன, வீட்லயே நல்லா ஆக்கிருவோம். கெராங் சம்பல் பண்ணவா?"

கெராங் என்றால் சேற்றில் கிடக்கும் சிப்பி. அதை உறைப்பாக, மிளகாய் அரைத்த சம்பலில் போட்டுப் பிரட்டினால் நான் எதையும் மறந்துவிடுவேன். அது அவளுக்குத் தெரியும்.

"ரெண்டு கிலோ வாங்கு" என்றேன்.

சனிக்கிழமை சாயந்திரம் எங்கள் வட்டாரத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்டார்கள். இனித் திங்கட்கிழமை சாயந்திரந்தான். நான் கோயிலுக்குப் போய்விட்டு ஐம்பத்தெட்டுப் படியும் ஏறி வீட்டுக்கு வந்தபோது நீல டிரம்மில் தண்ணீர் பிடித்து மூடியாகிவிட்டது. டிரம் மேலே ஒரு பலகை. பலகை மேலே அரிசிப் பானை.

"இருபத்து நாலு வாளி" என்றாள். "எண்ணித்தான் ஊத்தினேன்."

எண்ணினாளாம்! எனக்கு ஒரே சந்தோஷம். செந்தூல் ரயில்வே பட்டறை ஸ்டோரில் முப்பத்து மூன்று வருடம் இருந்தவன் நான். ஒரு நட்டு குறைந்தால் அன்று சோறு இறங்காது. அப்படிப்பட்டவனோடு குடும்பம் நடத்தி, இன்றைக்குத்தான் இவள் ஒன்றை எண்ணியிருக்கிறாள்.

"இனிமே கணக்க நீங்க பாத்துக்குங்க. எனக்கு எங்க வருது" என்று ஒரு சாக்குக்கட்டியை என் கையில் கொடுத்தாள். அவ்வளவு பணிவாக யாரும் என்னிடம் எதையும் கொடுத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்குப் பன்னிரண்டு, திங்கட்கிழமைக்குப் பன்னிரண்டு. சமையலறைக் கதவில் இரண்டு கட்டம் போட்டேன். நாற்காலியைக் கதவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஞாயிறு காலை, எனக்குக் குளிக்க அவளே மொண்டு வைத்த இரண்டு வாளி. இரண்டு கோடு போட்டேன். அவளுக்கு இரண்டு. கழிவறைக்கு இரண்டு. காப்பித் தண்ணியும் பாத்திரமும் சேர்ந்து ஒன்று. மணி எட்டரை. ஏழு கோடு. எல்லாம் கட்டுக்குள் இருந்தது.

பிறகு கெராங் வந்தது. முதல் வாளியில் அலசினாள். தண்ணீர் கறுப்பு. இரண்டாவது வாளி, காப்பி நிறம். மூன்றாவது, தேத்தண்ணீர் நிறம்.

"போதாதா?" என்றேன்.

"மண்ணோட திங்கிறீங்களா?"

நான்கு. ஐந்து. ஆறு. ஆறாவது வாளியில்தான் சிப்பியின் கோடுகள் தெரிந்தன. என் கதவில் பதின்மூன்று கோடு. ஞாயிற்றுக்கிழமைக் கட்டம் நிறைந்து, திங்கட்கிழமையிலிருந்து ஒன்று கடன் வாங்கியாயிற்று. கீரைக்கு ஒன்று. பதினான்கு.

பதினைந்தாவது வாளிக்கு அவள் டிரம்முக்குள் கையை விட்டாள். கரக் என்று சத்தம்.

"என்ன சத்தம்?"

"அடி தட்டுதுங்க."

"எப்படித் தட்டும்? இருபத்து நாலுல பதினாலு போனா பத்து இருக்கணும்!"

ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். டிரம்மின் அடியில் ஒரு கை தண்ணீர். அதில் என் முகம். டிரம்மைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஓட்டை இல்லை. தரையில் ஈரம் இல்லை. கதவுக் கோடுகளை இரண்டு தடவை எண்ணினேன். பதினான்கு. பதினான்கு.

"பத்து வாளி எங்க போச்சு?"

"எல் நினோவா இருக்கும்" என்றாள்.

"என்னது?"

"நீங்கதானே சொன்னீங்க? நம்ம ஊர் தண்ணிய எல்லாம் உறிஞ்சிருதுன்னு. பேப்பர்லயே போட்டிருக்குன்னீங்க."

"அது ஏரித் தண்ணி!"

"ஏரியையே உறிஞ்சுற எல் நினோவுக்கு நம்ம டிரம்மு எம்மாத்திரம்? இல்ல, பேப்பர்ல போட்டது பொய்யா?"

பேப்பரைப் பொய் என்று நான் எப்படிச் சொல்வது? வளைகுடாப் போர், புகைமூட்டம், ரிங்கிட், எல்லாம் சேர்ந்து விழுந்துவிடும். எனக்கு இருமல் வந்தது.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு இராஜம்மா கதவைத் தட்டினார்.

"அண்ணே! தண்ணி லோரி வந்துருச்சு லா! வாளிய எடுத்துக்கிட்டு ஓடுங்க!"

இரண்டு வாளியோடு ஐம்பத்தெட்டுப் படி இறங்கினேன். வரிசையில் எண்ணிப் பார்த்தேன். நான் பதினேழாவது ஆள். ஒரு ஆன்டி, "அங்கிள், நான் முன்னாடியே இங்கதான் நின்னேன்" என்று எனக்கு முன்னால் வந்தார். "இல்லை" என்று சொல்லத்தான் நினைத்தேன். இருமினேன். அவர் தன் தங்கையையும் கூப்பிட்டுக்கொண்டார். இருமல்காரர் வழிவிடுவார் என்று வரிசை முழுக்கத் தெரிந்துவிட்டது. கால் மணி நேரத்தில் நான் இருபத்தாறாவது ஆள். இருபத்து நான்காவது ஆளோடு லோரியில் தண்ணீர் தீர்ந்தது.

காலி வாளிகளோடு ஏறினேன். புஷ்பவல்லி அரிசியை முறத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அரிசி கழுவணும். சோறாக்கணும். சாப்பிட்டா தட்டு கழுவணும்" என்று ஒவ்வொரு விரலாக மடக்கினாள். "எத்தன வாளி ஆகும், நீங்களே சொல்லுங்க."

"குறைஞ்சது நாலு."

"இருக்கறது?"

நான் காலி வாளிகளைக் கவிழ்த்து வைத்தேன்.

"வாழையிலையக் கழுவ வேண்டாம்ங்க" என்றாள் மெதுவாக. "மடிச்சுப் போட்டா முடிஞ்சுச்சு."

மணி பதினொன்று. பசி. "நாட்டோட தண்ணி நெருக்கடிய வச்சுப் பாத்தா, இன்னிக்கு மட்டும் வெளிய சாப்பிடறது நல்லதுன்னு படுது" என்றேன்.

"ஐயோ, தீர்மானம்?"

"ஒத்திவைக்கலாம்."

நான்கு நிமிடத்தில் புடவை கட்டி, பூ வைத்து, கைப்பையோடு வாசலில் நின்றாள். மற்ற நாட்களில் நாற்பது நிமிடம். நேரத்தைக் குறித்தேன். யோசிக்கத்தான் இல்லை.

"கெராங்?" என்றேன்.

"இராஜம்மாகிட்ட குடுத்துட்டேன். கெட்டுப்போயிரும்ல?"

கொமுட்டர் ரயிலில் நிலையங்களை எண்ணிக்கொண்டு போனேன். ஷா ஆலமில் தூங்கிவிட்டதால் கணக்குச் சரியில்லை. கிள்ளானில் இறங்கி கடைக்குப் போனால், மேசையில் சீதாலெட்சுமி அக்காவும் ராதாகிருஷ்ணன் அண்ணனும். எதிரே இரண்டு இலை, தண்ணீர் தெளித்துத் தயாராக.

"வா நாகையா! ஒரு மணின்னு சொன்னீங்க, ஒரு மணிக்கு வந்துட்டீங்க" என்றார் அண்ணன்.

"யாரு சொன்னது?" என்று கேட்டேன். அதற்குள் சோற்று வாளி வந்துவிட்டது. அதுவும் வாளிதான்.

முதல் சோறு. சாம்பார். இரண்டாவது சோறு. மீன் குழம்பு. அண்ணன் போன மாதம் பழனிக்கும் மதுரைக்கும் போய்வந்த கதையை ஆரம்பித்தார். எங்கள் பக்கம், மூத்தவர் மடிப்பதற்கு முன்னால் இளையவர் இலையை மடிப்பது மரியாதை இல்லை. அண்ணன் என்னைவிட நான்கு வயது மூத்தவர். ஒரு ஊருக்கு ஒரு கவளம் என்று சாப்பிடுகிறார். கதை இன்னும் நாகப்பட்டினத்தையே தாண்டவில்லை. என் இலையில் மூன்றாவது சோறு விழுந்தது. நான் இருமினேன். ரசம் விழுந்தது.

சோற்று வாளி மறுபடி எங்கள் மேசைக்குத் திரும்பியது. புஷ்பவல்லியின் பக்கம் சாய்ந்தேன்.

"எனக்குப் போதும்னு அவர்கிட்ட சொல்லேன்."

அவள் அப்பளத்தை உடைத்தாள். "அடுத்த ஞாயிறும் வருவோமா?"

"அது எப்படி, நாட்டு நடப்பு..."

"அண்ணே" என்று பரிமாறுகிறவரைப் பார்த்துக் கையசைத்தாள். "இவருக்கு இன்னும் கொஞ்சம் போடுங்க. கூச்சப்படுவாரு."

நான்காவது சோறு. இடுப்பு வாரை ஒரு ஓட்டை தளர்த்தினேன். அதுதான் கடைசி ஓட்டை. வாளி ஐந்தாவது தடவை வந்தது. அண்ணன் அப்போதுதான் திருச்சியில் ரயில் ஏறினார்.

"வருவோம்" என்றேன்.

"எல்லா ஞாயிறுமா?"

"எல்லா ஞாயிறும்."

"பினாங்கு?"

கரண்டி என் இலைக்கு மேலே நின்றது.

"பினாங்கும்."

"போதும்ணே" என்றாள் அவள். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்!

நான்கரை மணிக்கு வீடு வந்தோம். ஐம்பத்தெட்டுப் படியில் ஒன்பது இடத்தில் நின்றேன். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியதும், இராஜம்மா இரண்டு மூடிய கிண்ணங்களோடு உள்ளே வந்தார்.

"அக்கா, சோறு, கெராங் சம்பல். அண்ணனுக்குன்னு தனியா எடுத்து வச்சேன். அப்புறம், நேத்து எங்க வீட்ல ஊத்தி வச்சீங்களே பத்து வாளி, அதுல நான் ஒண்ணு எடுத்துக்கிட்டேன். மிச்சம் ஒம்பதையும் இப்பவே கொண்டாந்து ஊத்திறவா?"

நான் கதவைப் பார்த்தேன். பதினான்கு கோடு. ஒரு கோடுகூடத் தப்பில்லை. ஸ்டோரில் முதல் நாள் சேருகிறவனுக்கே சொல்லிக்கொடுக்கிற பாடம் ஒன்று உண்டு. கைமாறும் சரக்கை யார் சொன்னாலும் நம்பாதே, மூடியைத் திறந்து நீயே எண்ணு. முப்பத்து மூன்று வருடம் பெரிய அதிகாரி சொன்னதைக்கூட நான் அப்படி நம்பியதில்லை.

"என்னங்க அப்படிப் பாக்கறீங்க?" என்றாள் புஷ்பவல்லி. "எல் நினோ திருப்பிக் குடுத்துருச்சு. அதுக்கும் ஒரு வாளி கூலி வேணும்ல?"

இராஜம்மா கொண்டுவந்த சோற்றைத் தட்டில் போட்டு, சம்பலைக் கவிழ்த்து, என் மடியில் வைத்தாள்.

"வெளிய சாப்பிடக் கூடாதுன்னு தீர்மானம் போட்டவரு நீங்க. உங்க வாக்குக் கெடக் கூடாது. வீட்டுச் சாப்பாடும் கொஞ்சம் சாப்பிடுங்க."

கரண்டி மறுபடி தட்டுக்கு மேலே வந்தது. போதும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். இருமல்தான் வந்தது.