கண்ணை மூடி நன்றி சொல்பவர்

எல்லாச் சபையிலும் ஒருவர் உண்டு. எங்கள் சபையில் அவருக்கு 'ஸ்தோத்திர அண்ணன்' என்று பட்டப்பெயர். "எப்படி இருக்கீங்க?" என்று சும்மா கேட்டுப் பாருங்கள். "கிருபையால..." என்று ஆரம்பித்து, காலையில் கண் விழித்தது, குழாயில் தண்ணீர் வந்தது, பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது, மழை தூறியது, தூறியது நின்றது என்று ஒவ்வொன்றுக்கும் ஆண்டவருக்கு நன்றி சொல்லி முடிப்பதற்குள் உங்கள் பேருந்து போய்விடும். அதற்கும் ஒரு ஸ்தோத்திரம் சொல்வார். ஜன்னலோர இடத்தை எழுந்து கொடுத்த மனிதருக்கு? மூச்சு விடமாட்டார்.

வேஷம் என்று நினைத்துவிடாதீர்கள். மனதாரத்தான் சொல்கிறார். வம்பே அதுதான்.

சாப்பாட்டு மேசையில் அவர் ஜெபத்தைக் கேட்க வேண்டும். காலித் தட்டின் முன் கண்ணை மூடுவார். சூரியன், மண், விதை, உழுதவர், மூட்டை தூக்கியவர், லாரி, உப்பு என்று உலகத்தையே ஒரு சுற்று சுற்றிவிட்டு "ஆமென்" என்று கண்ணைத் திறந்தால் தட்டு நிறைந்திருக்கும். முப்பது வருஷமாக அது எப்படி நிறைகிறது என்று அவர் பார்த்ததே இல்லை. நிறைத்தது அண்ணி, அவர் மனைவி.

போன மாதம் பித்தப்பையில் கல் என்று ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் படுத்தார். அந்தப் பதினோரு நாளும் அண்ணி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கி, முதுகு பிடித்துக்கொண்டு, நிமிரக்கூட முடியாமல் வீடு திரும்பினார். அடுத்த ஞாயிறு சபையில், ஆண்டவர் தனக்குச் செய்ததைச் சாட்சியாகச் சொல்ல அண்ணன் எழுந்தார். தன்னைப் பற்றி இன்றாவது ஒரு வார்த்தை வரும் என்று அண்ணி இரண்டாவது வரிசையில் புதுச் சேலையில் காத்திருந்தார்.

வந்தது. நன்றி வரிசையில் டாக்டர் வந்தார், நர்ஸ் வந்தார், பழுதாகாமல் ஓடிய லிஃப்ட் கூட வந்தது. கடைசியில் அண்ணன் தழுதழுத்தார்: "பதினோரு நாள் எனக்குன்னு யாருமே இல்லை. ஆண்டவர் மட்டுந்தான் பக்கத்துல இருந்தார்."

சபை "அல்லேலூயா" என்றது. அண்ணியும் வாயசைத்தார். சத்தம்தான் வரவில்லை.

அன்று மதியம் எனக்கும் அவர்கள் வீட்டில்தான் சாப்பாடு. அண்ணன் வழக்கம்போல உலகத்தைச் சுற்றிவிட்டு "ஆமென்" என்று கண்ணைத் திறந்தார். தட்டு காலி. எதிரே அண்ணி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா, சாப்பாடு எங்க?"

"யாருமே இல்லைன்னீங்களே. இல்லாதவ எப்படிப் பரிமாறுவா?"

அண்ணனுக்கு முகம் சுண்டிப்போனது. தவறு புரிந்துவிட்டது போலிருக்கிறது. உடனே கண்ணை மூடி, "ஆண்டவரே, இப்படி ஒரு மனைவியைக் கொடுத்தீரே, ஸ்தோத்திரம்" என்றார்.

"அவருக்குத் தெரியும். கண்ணைத் தொறந்து என்னைப் பார்த்துச் சொல்லுங்க."

திறந்தார். மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை கேட்கும் குரல் எங்கே போனதோ தெரியவில்லை. தட்டைப் பார்த்தார். மறுபடி அண்ணியைப் பார்த்தார்.

"முதுகு... இன்னும் வலிக்குதா?"

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்ப் பாத்திரத்தை எடுத்து வந்தார். தகுதியில்லாதவனுக்குக் கிடைப்பதுதான் கிருபை என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த மனிதர், அது சூடாகத் தன் தட்டில் வந்து விழுவதை அன்றுதான் கண்ணால் பார்த்தார்.

நானும் வயிறு நிறையச் சாப்பிட்டேன். கை கழுவிக்கொண்டு, 'நல்லவேளை ஆண்டவரே, நான் இவரைப் போல இல்லை, ஸ்தோத்திரம்' என்று மனதுக்குள் சொல்லியபடியே தெருமுனைவரை வந்துவிட்டேன். அண்ணியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது அங்கேதான் உறைத்தது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். சற்றுமுன் உங்கள் பக்கத்தில் காப்பியை வைத்துவிட்டுப் போனது யார் என்று நிமிர்ந்து பார்த்தீர்களா?