ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண்டர்

அன்புள்ள மைத்துனருக்கு,

அத்தான் எழுதுவது. நானும் உன் அக்காளும் நலம். நீ கொடுத்துவிட்டுப் போன கணினியும் நலம். அங்கும் அப்படியே என்று நம்பி விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ வர வேண்டாம்.

உன் அக்காள் எழுதிய துப்பறியும் கதையை மாதக் கடைசிக்குள் கணினியில் அடித்து அனுப்பினால் புத்தகமாகப் போடுவதாகப் பதிப்பாளர் சொன்னார் அல்லவா? நான் அடிக்கிறேன் என்றதும், "உங்களுக்கு எதுக்கு அத்தான் இந்த வேலை, நான் வந்து பாத்துக்கறேன்" என்றாய். ஆயுள் முழுக்கக் கோர்ட்டில் டைப் அடித்தவனைப் பார்த்துச் சொன்ன சொல் அது. அப்போதே வரிந்து கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். டைப்ரைட்டரில் வரி முடியப் போனால் மணி அடிக்கும், உருளையைத் தள்ளி அடுத்த வரிக்குப் போவோம். இந்த இயந்திரமோ ஊமை. ஆகவே உன் அக்காளைப் பக்கத்தில் உட்காரவைத்து, எழுத்து ஓரத்துக்கு வந்ததும் தம்ளரில் கரண்டியால் தட்டச் சொன்னேன். அவள் தட்ட, நான் எண்டரை அழுத்த, கதை கச்சிதமாக முடிந்தது. கதை எப்படி என்று கேட்காதே. டைப் அடிப்பவன் எழுத்தைத்தான் பார்ப்பான், பொருளைப் பார்க்க மாட்டான். அது தொழில் தர்மம்.

பதிப்பாளர் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கச் சொன்னார். பெரிதாக்கினேன், வந்தது வினை. ஒரு வரி முழுசு, அடுத்த வரியில் ஒற்றைச் சொல், மறுபடி முழுசு, மறுபடி ஒற்றைச் சொல் என்று பக்கமெல்லாம் பொக்கை வாயாகிவிட்டது. மாடி வீட்டு டீச்சரைக் கூப்பிட்டேன். அவள் ஏதோ ஒரு பொத்தானை அழுத்த, மறைந்திருந்த குறியெல்லாம் வெளியே வந்தது. ஒவ்வொரு வரிக் கடைசியிலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓர் ஆங்கில 'பி'. "சார், உங்க கதையில வரிக்கு ஒரு பத்தி இருக்கு" என்றாள். வரி தானாகவே மடங்குமாம். பத்தி முடிந்தால் மட்டும் எண்டராம். பத்திக்குள்ளேயே வரியை உடைக்க வேண்டுமென்றால் ஷிஃப்டையும் சேர்த்து அழுத்த வேண்டுமாம். அவள் படியேறிப் போனதும், இருந்த குறியையெல்லாம் ஒரே அடியாக நீக்கிவிட்டேன். இப்போது முழுக்கதையும் ஒரே பத்தி. செத்தவர், கொன்றவர், போலீஸ் எல்லோரும் ஒரே மூச்சில் பேசுகிறார்கள். யார் பேச்சு எங்கே முடிகிறது என்று தெரியாமல் எண்டர் தட்ட முடியாது. அதனால் முதல் வரியிலிருந்து படித்துப் படித்துப் பத்தி பிரித்துக்கொண்டிருக்கிறேன். இடுப்பு ஒடிந்தாலும் விடுவதாக இல்லை. கெடுவுக்குள் முடிப்பேன், தனியாக முடிப்பேன்.

உனக்கும் உன் வீட்டாருக்கும் எல்லா நன்மையும் கூடி வரட்டும். வாய்க்கொழுப்பு மட்டும் கொஞ்சம் குறையட்டும்.

இப்படிக்கு,
அத்தான்

பின்குறிப்பு: தம்பி, அக்கா எழுதுகிறேன். உறையை ஒட்டச் சொல்லிக் கொடுத்தார், அதற்கு முன்னால் இந்த நாலு வரி. இவர் குறியையெல்லாம் நீக்குவதற்கு முன்பே கதையைப் பிரதி ஒன்று டீச்சர் எடுத்து வைத்திருந்தாள். அன்றே சரிசெய்து தந்தாள், நானும் அனுப்பிவிட்டேன். புத்தகம் அச்சுக்குப் போய்விட்டது. அவரிடம் மூச்சு விடாதே. கல்யாணமான நாளிலிருந்து நான் எழுதியதில் ஒரு வரி இவர் படித்ததில்லை. நேற்று சாப்பிடும்போது, "அந்த டாக்டர் என்ன பாவம் பண்ணினார், அவரை ஏன் கொன்னுட்டே?" என்று கேட்டார். இன்னும் ஒரு கரண்டி ரசம் ஊற்றினேன். பாதிதான் வந்திருக்கிறார், மீதியையும் படிக்கட்டும்.